இடது முன்பக்கம் தாழ்ந்த மொறிஸ் மைனர்: முறுக்குக் கோலைத் தொடும் முன்

தம்பி, நீங்கள் எழுதியதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நான் பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். உங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் ஓடிய 1963ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இடது முன்பக்கம் வலது முன்பக்கத்தைவிட ஒன்றேகால் அங்குலம் தாழ்ந்து நிற்கிறது. ஒரு கராஜில் ஷொக் அப்சோபரை மாற்றச் சொன்னார்கள். இன்னொன்றில், முறுக்குக் கோலை, அதாவது முன்பக்கத்து வில்லாக வேலை செய்யும், மெக்கானிக்மார் ரோர்ஷன் பார் என்று சொல்லும் நீண்ட உருக்குக் கோலை, அதன் முனையில் வெட்டிய பற்களில் ஒரு பல் ஏற்றிப் பூட்டினால் போதும் என்றார்கள். மூன்றாவது இடத்தில் றபர் கட்டை ஒன்றைச் செருகித் தருவதாகச் சொன்னார்கள். இவற்றில் எது சரி, பல் ஏற்றுவதென்றால் எத்தனை பல் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு மூன்றில் எதையும் செய்ய விடாதீர்கள். தாழ்ந்து நிற்கும் மூலையில்தான் பழுது இருக்கிறது என்று நீங்களும் அந்த மூன்று கராஜ்காரரும் முடிவு கட்டிவிட்டீர்கள். அதே முடிவை நானும் ஒருகாலம் கட்டினேன். அதற்காக ஒரு மழைக்காலம் முழுவதும் ஆபத்தான வண்டியை ஓட்டினேன்.

என்னுடையதும் மைனர்தான். அதன் பின் வில்கள் உருக்குத் தகடுகளை அடுக்கிச் செய்தவை. வலது பின் வில்லில் தகடு ஒன்று உடைந்தது. சரியான தகடு கிடைக்கவில்லை. வேறு ஏதோ வாகனத்தின் தகட்டை அளவுக்கு வெட்டி, கூடுதலாக ஒன்றையும் சேர்த்துப் பூட்டினார்கள். சில நாட்களில் இடது முன்பக்கம் அரை அங்குலம் தாழ்ந்து தெரிந்தது. பின்னால் செய்த வேலைக்கும் முன்னால் தெரிந்த சாய்வுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இடது முறுக்குக் கோலை ஏற்றிவிட்டேன். அளந்து பார்த்தால் நான்கு மூலையும் கச்சிதம். முன்னிருந்ததைவிட அரை அங்குலம் உயரமாக, மேசைபோல நின்றது. எனக்குப் பெரிய திருப்தி. முதல் மழையில் பிரேக் பிடித்தபோது வலது முன் சில்லு இறுகி வழுக்க, வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய் மதகு ஓரத்தில் நின்றது. பிரேக்கைக் கழற்றினேன், சுத்தம் செய்தேன், மீண்டும் கழற்றினேன். இழுவை போகவில்லை.

காரணத்தைச் சொன்னவர், 1990களில் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெய்யில் ஓடிய கார்களுக்கு வேலை செய்து பழகிய ஒரு பெரியவர். அவர் சில்லைத் தொடவே இல்லை. பின் அச்சின் நடுவில் ஜக்கை வைத்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கினார். மேசைபோல நின்ற வண்டியின் முன்பக்கம் அப்போது வலப்பக்கமாகச் சாய்ந்தது.

நடந்தது இதுதான். காரின் உடல் விறைப்பான ஒரு பலகை. அதை நான்கு வில்கள் தாங்குகின்றன. நான்கும் ஒரே விறைப்பு என்று எளிமைக்காக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மூலை வில்லை மட்டும் ஓர் அங்குலம் உயர்த்தினால், அந்த மூலை முக்கால் அங்குலம்தான் உயரும். அதற்குப் பக்கத்து மூலைகள் இரண்டும் கால் அங்குலம் உயரும். குறுக்கே எதிரில் இருக்கும் மூலை கால் அங்குலம் தாழும். என் வண்டியில் வலது பின் வில் ஓர் அங்குலம் உயர்ந்தபோது இடது முன்பக்கம் கால் அங்குலம் இறங்கியது, வலது முன்பக்கம் கால் அங்குலம் ஏறியது. முன்னால் தெரிந்த அரை அங்குல வித்தியாசம் அங்கிருந்துதான் வந்தது. பிறகு நான் இடது முன் கோலை ஏற்ற ஏற்ற, உயரங்கள் எல்லாம் சமமாகிவிட்டன. ஆனால் பாரம் சமமாகவில்லை. இடது முன்னும் வலது பின்னும் கூடுதலாகச் சுமந்தன. வலது முன்னும் இடது பின்னும் இலேசாகிவிட்டன. நான்கு காலில் இரண்டு கட்டையான கதிரை ஆடுமே, அதே நிலை. காரில் வில்கள் வளைந்து கொடுப்பதால் ஆட்டம் கண்ணுக்குத் தெரியாது. ஈரத் தெருவில் பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும். பாரம் குறைந்த சில்லு முதலில் இறுகி வழுக்கும், பாரம் கூடிய பக்கம் வண்டியை இழுக்கும்.

இந்தக் கணக்கு சுத்தமான ஒரு மாதிரிக்குரியது. மைனரில் பின் வில்களின் இடைவெளி சில்லுகளின் இடைவெளியைவிடக் குறைவு, முன்பின் விறைப்பும் ஒன்றல்ல. ஆகவே எண்கள் அப்படியே வராது. திசை மாறாது. அதனால் உங்களிடம் எனது முதற் கேள்வி முன்பக்கத்தைப் பற்றியதே அல்ல: பின் வில்களில் யாராவது எப்போதாவது கை வைத்தார்களா?

யாழ்ப்பாணத்து வண்டி என்பதால் இதை அழுத்திக் கேட்கிறேன். போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இந்த மைனர்களும் ஒஸ்ரின்களும் சுமந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். நான்கைந்து பேருக்கான இடத்தில் அதைவிடக் கூடுதலான ஆட்கள், பின்னால் அரிசி மூட்டை, மேலே விறகு. வில் உடைந்தால் கிடைத்த தகட்டைப் போட்டுத்தான் ஓடினார்கள். வேறு வழியில்லை, அப்படித் திருத்தி ஓடிய வண்டிகள்தான் நோயாளர் பலரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அதனால் இன்று பல வண்டிகளின் பின்பக்கத்தில் இடது ஒன்று, வலது வேறொன்று. உங்கள் அப்பாவின் வண்டி அந்தக் காலத்தில் ஓடியிருந்தால் அதற்கும் ஒரு கதை இருக்கும். அவரிடம் இன்னும் கேட்க முடியுமானால் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி அளக்கும் முறை. மட்டமான சீமெந்துத் தரை வேண்டும். முற்றத்து மண் போதாது. தரை மட்டமா என்று மேசன்மார் பிடிக்கும் நீர்க்குழாயால் நான்கு சில்லடிகளையும் பாருங்கள்; வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த சில்லின் கீழ் மெல்லிய தகடு வைத்து ஈடுசெய்யுங்கள். நான்கு ரயர்களும் ஒரே அளவா, ஒரே காற்றா என்று பாருங்கள். பின் பெட்டியில் இருக்கும் சாமான்களை இறக்குங்கள். மாற்றுச் சில்லு அதன் இடத்திலேயே இருக்கட்டும். பிறகு பம்பரைப் பிடித்து முன்னும் பின்னும் நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, வண்டியைத் தள்ளி ஒரு சில்லுச் சுற்று முன்னே விட்டுப் பின்னே கொண்டுவந்து நிறுத்துங்கள். இந்தக் கடைசி வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜக்கிலிருந்து இறக்கிய வண்டியின் முன் சில்லுகள் உள்ளே ஒடுங்கி நிற்கும். ரயர் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அவை விரிய முடியாது. வண்டி உண்மை உயரத்தைவிட உயர்ந்து காட்டும். உருட்டினால்தான் அது தன் நிலைக்கு அமரும்.

அளவை நிலத்திலிருந்து எடுக்காதீர்கள். சில்லின் நடுவிலிருந்து மேலே மட்காட் விளிம்பு வரை எடுங்கள். ரயரின் தேய்மானமும் காற்றும் அப்போது கணக்கில் வராது. மைனரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முன் மட்காட்கள் போல்ட்டில் பூட்டப்பட்டவை. அறுபது ஆண்டில் அவை எத்தனை தடவை கழன்று, தட்டப்பட்டு, மாற்றப்பட்டிருக்கும்! இலங்கையில் செய்த மைனர் பாகங்கள் பிரித்தானியாவுக்கே ஏற்றுமதியான காலமும் இருந்தது. நன்றாகச் செய்யும் கைகள் எங்களிடம் உண்டு. ஆனாலும் இடது மட்காட் வலதைவிடக் கால் அங்குலம் இறங்கிப் பூட்டப்பட்டிருப்பது புதுமையில்லை. ஆகவே இரண்டாவது அளவாக, கீழ்க்கையின், அதாவது முன் சில்லை உடலோடு கீழே இணைக்கும் கையின், உள்முனைச் சுழல் போல்ட்டின் நடு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், வெளிமுனையின் நடு எவ்வளவு உயரம் என்று இருபக்கமும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கையின் உண்மையான சாய்வு. மட்காட் பொய் சொன்னாலும் இது சொல்லாது. உங்கள் ஒன்றேகால் அங்குலத்தில் ஒரு பகுதி தகரவேலையாக இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது அந்தப் பெரியவரின் சோதனை. முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் நல்ல கட்டை வையுங்கள். மைனரின் கைப்பிரேக் பின் சில்லுகளைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கியபின் அதனால் ஒரு பயனும் இல்லை என்பதை மறக்காதீர்கள். பின் அச்சின் நடுப்பெட்டிக்குக் கீழே மரத்துண்டு ஒன்றை வைத்து, ஜக்கால் சில்லுகள் நிலத்தை விட்டு அரை அங்குலம் எழும்பும் வரை தூக்குங்கள். அதற்கு மேல் வேண்டாம். இப்போது பின் அச்சு நடுப்புள்ளி ஒன்றில் நிற்கிறது. இடம் வலமாக அது எதையும் தாங்காது. வண்டியின் சாய்வை முடிவு செய்பவை முன் கோல்கள் இரண்டும் மட்டும்தான். முன்பக்கத்தை மெதுவாக அமுக்கி விட்டுவிட்டு மீண்டும் அளவுகளை எடுங்கள். வண்டிக்குக் கீழே தலையை நீட்ட வேண்டாம். அளவு நாடா வெளியில் நின்று எட்டும் தூரம்தான்.

முன்பக்கத்து இரண்டு அளவுகளும் இப்போது சமமாகிவிட்டால் உங்கள் முறுக்குக் கோலில் ஒரு பிழையும் இல்லை. பின் வில்கள்தான் குற்றவாளி. வித்தியாசம் குறையாமல் கூடினால், ஒன்றேகால் இரண்டேகாலாகவோ அதற்கு மேலாகவோ ஆனால், பழுது முன்னால்தான். முன்பு பின் வில்கள் அதில் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டிருந்தன என்று பொருள். கொஞ்சம் குறைந்து நின்றால் இரண்டிலும் பங்கு இருக்கிறது. அப்போது பின்பக்கத்தை முதலில் சரிசெய்துவிட்டு முன்பக்கத்தை மறுபடி அளக்க வேண்டும். இதே சோதனையை மாறிச் செய்து முன்பக்கத்தை நடுவில் தூக்கிப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எஞ்சின் பாரத்தோடு ஒரு புள்ளியில் வண்டியை நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. நான் செய்வதுமில்லை, உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன்.

ஷொக் அப்சோபரை மாற்றச் சொன்னவருக்குப் பதில் சுருக்கமானது. மைனரின் முன்பக்கத்தில் இருப்பது எண்ணெய் நிரம்பிய கைநெம்பு வகை. அதன் கைதான் மேற்கையாகவும் வேலை செய்கிறது. அது அசைவைத் தணிக்கும், பாரத்தைத் தாங்காது. எண்ணெய் முழுவதும் ஒழுகிப் போனாலும் வண்டி நின்ற இடத்தில் ஒரு நூலளவும் தாழாது; ஓடும்போது குதிக்கும், அவ்வளவுதான். ஒழுகினால் மாற்றுங்கள். உயரத்துக்காக மாற்றாதீர்கள்.

றபர் கட்டையைப் பற்றி எழுதவே கோபம் வருகிறது. வில் தாங்க வேண்டிய பாரத்தை, கை எல்லை மீறி ஏறாமல் தடுக்கும் முட்டு றபரில் ஏற்றிவிட்டு உயரம் வந்துவிட்டது என்று காசு வாங்குவது வேலையில்லை. அடுத்த குழியில் அந்த அடி நேராக வண்டியின் உடலில் விழும். அலெக் இசிகோனிஸ் அந்த வண்டியை அப்படி வடிவமைக்கவில்லை. 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் முதன்முதல் வந்தபோது அதன் திருப்பமும் தெருப்பிடிப்பும்தான் பேசப்பட்டன. அந்தப் பிடிப்பு முழுவதும் முன் சில்லுகள் தாராளமாக ஏறி இறங்குவதில் இருக்கிறது.

சோதனையில் பழுது முன்னால் என்று தெரிந்தாலும் கோலைத் தொட இன்னும் நேரம் வரவில்லை. கோல் தாழாமலே வண்டி தாழ மூன்று வழிகள் இருக்கின்றன. கீழ்க்கையின் உள்முனையில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் றபர் புஷ் நைந்து போயிருக்கலாம். அப்போது சில்லின் தலைப்பகுதி உள்ளே சாய்ந்து நிற்கும். இரண்டாவது, சில்லு திரும்பும் நிமிர்ந்த காலான கிங் பின்னின் மேலும் கீழும் இருந்து அதைக் கைகளோடு இணைக்கும் ட்றனியன்கள். இவை திருகுப் புரியில் ஏறி நிற்பவை. சில்லைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் புரியில்தான் சுழல்கின்றன. கிறீஸ் போகாமல் ஓடினால் புரி தேய்ந்துகொண்டே வரும். தேய்ந்தது உயரத்தைச் சிறிதளவே குறைக்கும். ஆனால் ஒருநாள் புரி முழுவதும் போய், சந்தியில் திரும்பும்போது கால் கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்துவிடும். மைனர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விபத்து இது. சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உயரத்தை மறந்துவிட்டு அதை முதலில் மாற்றுங்கள். இடது பக்கத்துக்கு உரியதும் வலது பக்கத்துக்கு உரியதும் வேறு. புரியின் திசையே மாறும். வாங்கும்போது பக்கத்தைச் சொல்லி வாங்குங்கள்.

மூன்றாவது வழிதான் எங்கள் ஊரில் அதிகம்: கறள். முறுக்குக் கோலின் பின்முனை, முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டத்தில் பிடித்து நிற்கிறது. மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடலே சட்டகம். அந்தக் குறுக்குச்சட்டத்தின் இரு முனைகளும் வெளிப்பக்கப் பெட்டிகளோடு சேரும் இடத்தில் நீர் தேங்கும், மண் சேரும். கடற்காற்று உள்ள ஊரில் தகரம் அங்கேதான் முதலில் போகும். மேலே தார்ப்பூச்சுப் பூசியிருப்பதால் தெரியாது. கோல் ஒவ்வொரு கணமும் அந்தச் சட்டத்தை முறுக்கப் பார்க்கிறது. தகரம் மெலிந்தால் சட்டம் சிறிது சிறிதாகத் திரும்பிக் கொடுக்கும், அந்தப் பக்கம் வண்டி இறங்கும். அப்படிப்பட்ட சட்டத்தில் பல் ஏற்றினால் இறுக்கம் இன்னும் கூடி, தகரம் கிழிந்து வரும். கால்விரிப்பை எடுத்துவிட்டு, சிறு சுத்தியலால் மேலிருந்தும் கீழிருந்தும் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். போன தகரத்தில் சத்தம் செத்து விழும். போயிருந்தால் வேலை வெல்டிங் செய்யும் ஒட்டுக்காரரிடம், மெக்கானிக்கிடம் அல்ல. கோலைக் கழற்றிய பிறகே ஒட்ட வேண்டும். கோலில் வெல்டிங் சூடோ பொறியோ படக்கூடாது.

இவை எல்லாம் நன்றாக இருந்து, வண்டி இன்னும் தாழ்ந்தே நின்றால், அப்போது கோல் படிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். படிந்த கோல் 'இளகிவிட்டது', பல் ஏற்றினால் 'இறுகும்' என்று பேசிக்கொள்கிறோம். இரண்டும் சரியில்லை. நீண்ட காலம் பாரம் சுமந்த உருக்கு சிறிது நிரந்தரமாகத் திரும்பிவிடுகிறது. அதன் ஓய்வு நிலை மாறுகிறது. விறைப்பு மாறுவதில்லை. விறைப்பைத் தீர்மானிப்பவை கோலின் நீளமும் விட்டமும் உருக்கின் இயல்பும்தான். நாம் எந்தப் பல்லில் பூட்டுகிறோம் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதனால் நல்ல கோலைப் பல் ஏற்றிப் பூட்டுவது குற்றமில்லை. உற்பத்தியாளரே அதற்கு வழி வைத்திருக்கிறார். அதே காரணத்தால், தாழ்வு போக வேண்டும் என்று தடித்த கோல் வாங்கிப் போடுவதும் பொருத்தமில்லை. விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடும். விட்டம் 5 சதவீதம் கூடினாலே விறைப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். எங்கள் உள்வீதிகளில் அந்த வண்டியில் ஒரு மைல் ஓடிப் பாருங்கள், விளங்கும்.

வேலைக்கு முன் உங்கள் சேசிஸ் இலக்கத்துக்கு உரிய வேர்க்‌ஷொப் மனுவலை எடுத்துக்கொள்ளுங்கள். மைனர் ஏறத்தாழ 23 ஆண்டுகள் உற்பத்தியான வண்டி. கோலைப் பூட்டும் அளவுகள் எல்லாத் தொடருக்கும் ஒன்றல்ல. யாராவது வாய்மொழியாகத் தரும் எண்ணை நம்பாதீர்கள், நான் தந்தாலும்.

முறை இதுதான். வண்டியின் முன்பக்கம் இரண்டு உறுதியான ஸ்ராண்டுகளில் நிற்க வேண்டும். ஜக்கில் மட்டும் ஒருபோதும் வேண்டாம். சில்லைக் கழற்றியபின் கீழ்க்கையின் வெளிமுனைக்குக் கீழே ஜக்கை வைத்து, கை சற்றே ஏறும் வரை தூக்குங்கள். சில்லு தொங்கும் நிலையிலும் கோல் முழுவதும் தளர்ந்திருக்காது என்பதை மனத்தில் வையுங்கள். ஜக் இல்லாமல் போல்ட்டைக் கழற்றினால் அந்தக் கை கீழே அடிக்கும் அடி எலும்பை முறிக்கும். கீழ்க்கையிலிருந்து முன்னால் போகும் இழுகம்பியைக் கழற்றி, கையின் முன்பாதியை எடுத்து, கீழ் ட்றனியனை விடுவியுங்கள். பிரேக் குழாய் இழுபடாமல், சில்லு பூட்டும் அச்சுமுளையைக் கயிற்றால் மேலே கட்டுங்கள். இப்போது ஜக்கை மெதுவாக இறக்கினால் கை தன் ஓய்வு நிலைக்கு வரும். அந்த நிலையில் கையின் வெளிமுனை, வண்டியின் அசையாத ஒரு புள்ளியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். இதுதான் மிக முக்கியமான அளவு.

ஏனென்றால் கணக்கு மிக எளிது. பாரம் அதே பாரம், விறைப்பு அதே விறைப்பு. ஆகவே கோல் வளைந்து கொடுக்கும் தூரமும் அதே தூரம். பின் அச்சை நடுவில் தூக்கிய சோதனையில் அந்த மூலை ஓர் அங்குலம் தாழ்ந்து தெரிந்தால், ஓய்வு நிலையில் கை இப்போது இருப்பதைவிட ஏறத்தாழ ஓர் அங்குலம் கீழே தொங்க வேண்டும். எத்தனை பல் என்ற உங்கள் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. பல்லை எண்ணாதீர்கள், கையின் ஓய்வு நிலையை அளவுக்குக் கொண்டுவாருங்கள். மைனர் கோலில் ஒரு பல் மாற்றினாலே வெளிமுனையில் ஓர் அங்குலத்துக்கு மேல் மாறும். நுண்ணிய திருத்தத்துக்கு அது மிகப் பெரிய படி. அதனால்தான் பிந்திய மைனர்களில் பின்முனைக் கையில் பல துளைகள் கொண்ட தகடு ஒன்று வைத்தார்கள். துளை மாற்றிச் சிறு சிறு படியாக நகர்த்தலாம். உங்கள் வண்டியில் அந்தத் தகடு இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்துங்கள், துளை போதாவிட்டால் மட்டும் பல்லுக்குப் போங்கள்.

கோலை வெளியே எடுத்தால் எந்தப் பக்கத்துக் கோல், எந்த முனை முன்னுக்கு என்று சாயத்தால் குறியிடுங்கள். பக்கம் மாற்றிப் பூட்டக் கூடாது. ஒரு திசையில் முறுகிப் பழகிய உருக்கை மறுதிசையில் முறுக்கினால் அது கெதியில் படிந்துவிடும், முறியவும் கூடும். ஸ்பானராலோ குறட்டாலோ கோலின் நடுவில் பிடித்துத் திருப்பவும் கூடாது. ஒரு கீறல் போதும், முறிவு அங்கிருந்து தொடங்கும். கறள் தின்று குழி விழுந்த கோலை மீண்டும் பூட்டாதீர்கள். பற்களைத் துடைத்துக் கிறீஸ் பூசிப் பூட்டுங்கள்.

திரும்பப் பூட்டும்போது பலரும் செய்யும் பிழை ஒன்று: வண்டி தூக்கிய நிலையிலேயே றபர் புஷ் போல்ட்டுகளை முழுவதும் இறுக்குவது. இந்தப் புஷ்கள் சுழல்வதில்லை. றபர் முறுகித்தான் அசைவு கொடுக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கி நிற்கும்போது றபர் எப்போதும் முறுகியபடியே இருக்கும். வண்டி சற்று உயர்ந்து காட்டும், நீங்கள் மகிழ்வீர்கள்; சில மாதத்தில் றபர் கிழிந்து பழைய இடத்துக்கே வரும். கையால் மட்டும் முடுக்கி வைத்துவிட்டு, வண்டியை நிலத்தில் இறக்கி, உருட்டி, அமர விட்டபின் கடைசி இறுக்கம் கொடுங்கள். பின் வில்லின் புஷ்களுக்கும் இதே விதி.

பின் வில்தான் குற்றவாளி என்றால் வேலை ஒருவகையில் எளிது, ஒருவகையில் கடினம். கழற்றுவது எளிது. சரியானதைக் கண்டுபிடிப்பது கடினம். இரண்டு வில்களையும் கழற்றி நிலத்தில் பக்கம் பக்கமாக வையுங்கள். தகடுகளை எண்ணுங்கள், ஒவ்வொன்றின் தடிப்பையும் அளவிடுங்கள், வில்லின் இரு முனைகளிலும் போல்ட் நுழையும் கண்களுக்கு இடையே நூல் பிடித்து, நூலிலிருந்து நடு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் ஒன்றை மட்டும் திருத்தப் பார்க்காதீர்கள். சோடியாகவே மாற்றுங்கள். கம்மாலையில் பழைய தகட்டை வளைத்துத் தரலாம். எங்கள் கொல்லர்களில் அதை நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் சுத்தியலால் சிறிது சிறிதாகத் தட்டி வளைப்பார்கள். உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு அப்படியே ஆறவிடுபவரிடம் கொடுக்காதீர்கள். காய்ச்சிய வில்லுருக்கை முறைப்படி தோய்த்து மீண்டும் பதப்படுத்தாவிட்டால் அது வில்லாக இராது, வெறும் இரும்புப் பட்டையாகிவிடும். ஒரு மாதத்தில் தட்டையாகும். எங்கள் வீட்டு வண்டிக்கு ஒருமுறை அப்படித்தான் நடந்தது.

உயரம் வந்தபின் நூறு மைல் அளவு ஓடுங்கள். கோலும் புஷ்களும் சற்று இறங்கி அமரும். பிறகு அதே தரையில் மீண்டும் அளந்து, தேவையானால் ஒரு துளை மாற்றுங்கள். இருபக்கமும் கால் அங்குலத்துக்குள் வந்தால் நிறுத்திவிடலாம்; ஓட்டுபவர் ஒருவர் ஏறினாலே அவ்வளவு மாறும். அதன் பின்னர்தான் முன் சில்லுகளின் உள்நோக்கை, அதாவது அவற்றின் முன்விளிம்புகள் எவ்வளவு உட்பக்கம் நோக்குகின்றன என்பதை, பாருங்கள். உயரம் மாறியதும் அது மாறியிருக்கும். உயரம் சரியாகுமுன் அதைச் சரிசெய்வது இரட்டைச் செலவு. முன் விளக்குகளின் கோணமும் அப்படியே. கண்டி வீதியில் இரவில் எதிரே வருபவரின் கண்ணைக் குத்தாமல் அதையும் திருத்திவிடுங்கள்.

அந்தப் பெரியவர் என் வண்டியில் என்ன செய்தார் என்று சொல்ல விட்டுப்போயிற்று. கூடுதல் தகட்டை எடுத்துவிட்டு, கம்மாலையில் ஒரு சோடி வில் செய்வித்துப் பூட்டினார். நான் ஏற்றிய துளைகளைப் பழைய இடத்துக்கே இறக்கினார். பிரேக்கில் கை வைக்கவில்லை. அன்று பின்னேரமே மழையில் ஓட்டிப் பார்த்தோம், நேராக நின்றது.

உங்கள் வண்டியை அளந்ததும் எனக்கு எழுதுங்கள்: நான்கு சில்லும் தரையில் நிற்கும்போது நான்கு மூலை அளவு, பின் அச்சை நடுவில் தூக்கியபின் முன்பக்கத்து இரண்டு அளவு, கீழ்க்கைகளின் சாய்வு, இரு பின் வில்களிலும் எத்தனை தகடு. குறுக்குச்சட்டத்தில் சுத்தியலால் தட்டிய இடங்களையும் படம் பிடித்து அனுப்பினால் நல்லது.